மாத்திரையா, கீமோவும் சேர்த்தா, ட்ரையலா? இஜிஎஃப்ஆர் ரிப்போர்ட் கைக்கு வந்த வாரம்

"அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய், நான்காம் கட்டம். இஜிஎஃப்ஆர் பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஒரு டாக்டர் இன்றைக்கே மாத்திரையை ஆரம்பிக்கச் சொல்கிறார். இன்னொருவர் கூடவே கீமோவும் போடலாம் என்கிறார். மூன்றாவதாகப் போன இடத்தில் ஒரு ட்ரையல் நடக்கிறது, சேர்கிறீர்களா என்று கேட்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?"

கொஞ்சம் முன்னே பின்னே இதே கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. இஜிஎஃப்ஆர் பாசிட்டிவ் என்றால் கட்டியில் அந்தப் பெயருள்ள மரபணு மாறியிருக்கிறது என்று பொருள். ட்ரையல் என்பது புது மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வு. நான் டாக்டர் இல்லை. புற்றுநோய் மருத்துவமனை ஒன்றின் ஆய்வுப் பிரிவில் 11 வருடம் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். நோயாளியின் ஃபைலைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, ட்ரையலின் தகுதிப் பட்டியலோடு ஒத்துப் பார்த்து, ஒவ்வொரு வரிக்கும் ஆம், இல்லை என்று குறிப்பது என் வேலை. நோய் முற்றியதால் சேர முடியாமல் போனவர்களைத் திருப்பி அனுப்புவது கஷ்டம்தான். அதைவிடக் கஷ்டம், எங்களிடம் வருவதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரத்தில் செய்த ஏதோ ஒன்றால் தகுதியை இழந்தவர்களை அனுப்புவது. பதற்றத்தில் போட்ட முதல் மாத்திரை, இருந்த ஒரே கட்டிக்குக் கொடுத்த கதிர்வீச்சு, தெரிந்தவர் வாங்கிக் கொடுத்த லேகியம். அவர்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லை.

அதனால் இந்த மூன்று வழிகளையும் ஒப்பிடும்போது, எந்த மருந்து நல்லது என்பதோடு நான் நிறுத்திக்கொள்வதில்லை. இன்றைக்கு எடுக்கும் முடிவு நாளைக்கு எந்த வழியை அடைக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன்.

இங்கே எழுதுவது நான்காம் கட்ட நோய்க்கு, இஜிஎஃப்ஆர் மரபணுவில் எக்ஸான் 19 நீக்கம் அல்லது எல்858ஆர் என்ற மாற்றம் உள்ளவர்களுக்கு. இந்தியாவில் அடினோகார்சினோமா வகை நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கிறது. புகை பிடிக்காதவர்களிடமும் பெண்களிடமும் இன்னும் அதிகம். ஏஎல்கே, ராஸ்1 என்று வேறு மாற்றம் வந்திருந்தால் மருந்துகள் வேறு, ஆனால் யோசிக்கும் முறை இதேதான்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் நேரம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா? மூளைக்கு நோய் பரவி வாந்தி, வலிப்பு என்று வந்துவிட்டதா? அப்படி இருந்தால் மற்ற எல்லாக் கணக்கும் பின்னால்தான். ட்ரையலில் சேர்வதற்கான பரிசோதனைகளுக்கே பொதுவாக 28 நாள் வரை கெடு வைப்பார்கள். அவ்வளவு நாள் உடம்பு பொறுக்குமா என்பதை உங்கள் புற்றுநோய் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது ஆதாரம். இந்த மாற்றத்துக்கு வேலை செய்கிறது என்று பெரிய ஆய்வில் நிரூபித்த மருந்து ஏற்கனவே இருக்கிறதா? இஜிஎஃப்ஆருக்கு இருக்கிறது. எந்த மருந்தும் இல்லாதவர் ட்ரையலைத் தேடுவதும், நல்ல மருந்து கையில் இருப்பவர் தேடுவதும் ஒன்றல்ல.

மூன்றாவது, அடுத்த வழி. இதைத்தான் பலரும் கேட்க மறக்கிறார்கள். "இதுவரை சிகிச்சை எதுவும் எடுக்காதவர்களுக்கு மட்டும்" என்று போட்டிருக்கும் ட்ரையலில், மாத்திரையை ஆரம்பித்துவிட்ட ஒருவர் சேர முடியாது. நான்கு நாள்தான் போட்டோம் என்றாலும் அதுதான் பதில்.

அப்புறம் செலவு. பில்லில் வருவது ஒன்று, வராதது ஒன்று. கடைசியாக, கூட வர ஆள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை சென்னைக்கோ வேலூருக்கோ கூட்டிக்கொண்டு போக ஒருவர் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று நினைத்துச் சேர்ந்துவிட்டு, எட்டாம் மாதம் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## மாத்திரை மட்டும்

ரிப்போர்ட் வரும் முன்பே மாத்திரையைக் கொடுங்கள் என்று டாக்டரை நெருக்காதீர்கள். 2009இல் வெளியான ஐபாஸ் ஆய்வு, கிழக்கு ஆசியாவில் 1,217 பேரைச் சேர்த்து ஜெஃபிடினிப் மாத்திரையையும் கீமோவையும் ஒப்பிட்டது. இஜிஎஃப்ஆர் மாற்றம் இருந்தவர்களுக்கு மாத்திரை நன்றாக வேலை செய்தது: நோய் வளராமல் நின்ற காலம் 9.5 மாதம், கீமோவில் 6.3. மாற்றம் இல்லாதவர்களுக்கோ மாத்திரையில் 1.5 மாதம்தான், கீமோவில் 5.5. அதே மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது, நமக்கும் கேட்கும் என்று ஆரம்பித்தால் இழப்பது அந்த நான்கு மாதத்தை.

ரிப்போர்ட் பாசிட்டிவ் என்றால் இன்று முக்கியமாக இரண்டு மாத்திரைகளின் பெயர் அடிபடும். ஒன்று ஜெஃபிடினிப். முதலில் 2002இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இந்திய நிறுவனங்கள் பல வருடமாகத் தயாரிப்பதால் சாதாரணக் குடும்பமும் மாதாமாதம் வாங்க முடிகிற விலை. இன்னொன்று ஒஸிமெர்டினிப். ஃப்ளோரா என்ற ஆய்வில் 556 பேர் சேர்ந்தார்கள். நோய் வளராமல் நின்ற காலம் ஒஸிமெர்டினிப்பில் 18.9 மாதம், பழைய மாத்திரைகளில் 10.2. உயிரோடு இருந்த காலம் 38.6 மாதம், பழைய மாத்திரைகளில் 31.8. மூளைக்குள் போய் வேலை செய்வதிலும் இதற்குத்தான் கை ஓங்கியிருக்கிறது.

இந்த எண்களை எப்படிப் படிப்பது? 18.9 மாதம் என்பது உங்கள் அப்பாவுக்குக் குறித்த கெடு அல்ல. பாதிப்பேருக்கு அதைவிட நீண்டது, பாதிப்பேருக்கு அதற்குள் வளர்ந்தது என்ற நடு அளவு.

விலைதான் சிக்கல். 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில் சுங்கவரி நீக்கிய மூன்று புற்றுநோய் மருந்துகளில் ஒஸிமெர்டினிப்பும் ஒன்று. அப்படியும் மாதச் சம்பளக்காரர் ஒருவர் தனியாகத் தாங்குவது கடினம். நிறுவனத்தின் நோயாளி உதவித் திட்டம் இருக்கிறதா, காப்பீட்டில் வாய்வழி மாத்திரைக்குப் பணம் வருமா, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டு அறையிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "வரும் வரும்" என்று வாயால் சொன்னதை நம்பி ஆரம்பித்து, மூன்றாம் மாதம் நகையை அடகு வைத்த வீடுகள் எனக்குத் தெரியும்.

காசில்லை, ஜெஃபிடினிப்பில் ஆரம்பிக்கிறோம் என்றால் குற்ற உணர்வு வேண்டாம். அந்த மாத்திரை வேலை செய்வது நின்றுபோகும்போது பாதிப்பேருக்குக் குறையாமல் டி790எம் என்ற புது மாற்றம் வருகிறது. அவர்களுக்கு ஒஸிமெர்டினிப் அப்போது கை கொடுக்கும். 2017இல் வெளியான ஆரா3 ஆய்வில் அந்த நிலையில் கீமோவுக்கு 4.4 மாதம், ஒஸிமெர்டினிப்புக்கு 10.1 மாதம் நோய் நின்றது. ஆனால் அந்த மாற்றம் எல்லோருக்கும் வருவதில்லை, வந்தாலும் இரண்டாவது மருந்துக்குப் போகும் அளவு உடம்பு எல்லோருக்கும் மிஞ்சுவதில்லை.

பில்லில் வராத சில்லறைத் தொல்லைகளும் உண்டு: முகத்தில் பரு, நக ஓரத்தில் புண், வயிற்றுப்போக்கு. அசிடிட்டிக்கு நாமாகவே வாங்கிப் போடும் மாத்திரை ஜெஃபிடினிப் உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். புதிதாக மூச்சுத் திணறலோ வறட்டு இருமலோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நுரையீரல் அழற்சி அபூர்வம்தான், ஆனால் வந்தால் காத்திருக்கவே கூடாது.

## மாத்திரையோடு கீமோ

இதற்கான ஆதாரத்தில் ஒரு பெரிய பங்கு நம் நாட்டில் நடந்த ஆய்வு என்பதில் எனக்குப் பெருமை உண்டு. மும்பை டாட்டா மெமோரியல் மருத்துவமனையில் 350 பேரை வைத்து, ஜெஃபிடினிப் மட்டும் ஒரு பக்கம், ஜெஃபிடினிப்போடு பெமெட்ரெக்ஸெட், கார்போபிளாட்டின் கீமோ இன்னொரு பக்கம் என்று ஒப்பிட்டார்கள். நோய் நின்ற காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமானது. கடுமையான பக்கவிளைவுகள் 25 சதவீதத்திலிருந்து 51 சதவீதமானது. அந்த ஆய்வின் தகுதிப் பட்டியல் தாராளமானது. நடமாட்டம் குறைந்தவர்களையும், மூளைக்குப் பரவியவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நம் ஊர் ஓபியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த முடிவு பொருந்துவதற்கு அதுவே காரணம்.

ஒஸிமெர்டினிப்போடு கீமோ சேர்த்த ஃப்ளோரா2 ஆய்விலும் இதே போக்குதான்: 16.7 மாதம் 25.5 ஆனது. 2025இல் வந்த இறுதிக் கணக்கில் உயிரோடு இருந்த காலம் 37.6 மாதத்திலிருந்து 47.5 மாதமாக நீண்டது.

அப்படியானால் எல்லோருக்கும் இதுவே என்று சொல்லலாமே? என்னால் சொல்ல முடியவில்லை. மாத்திரை மட்டும் என்றால் பலர் வயலுக்கும் கடைக்கும் போய்க்கொண்டே சிகிச்சை எடுக்கிறார்கள். கீமோ சேர்ந்தால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி, தினமும் ஃபோலிக் அமிலம், ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை பி12 ஊசி, நடுநடுவே ரத்த அணு குறைந்து படுக்கை. ஆய்வில் கிடைத்த மாதங்களில் எத்தனை மாதம் மருத்துவமனை பெஞ்சில் போகும் என்று நோயாளியிடமே கேட்க வேண்டும். பிள்ளைகள் முடிவெடுத்து அப்பாவிடம் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் அதிகம். இந்த ஒரு விஷயத்திலாவது அவர் வாயால் கேட்டுவிடுங்கள்.

வயது குறைவு, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, நோய் பல இடத்தில் பரவியிருக்கிறது, மூளையிலும் இருக்கிறது என்றால் இந்த வழிக்கு எடை கூடும். சிறுநீரகம் தளர்ந்தவர், தனியாக இருப்பவர், 75ஐத் தாண்டி மெலிந்தவர் என்றால் குறையும். இன்னொன்று: கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் கீமோவை இப்போதே எடுத்துவிட்டால், "மாத்திரை நின்ற பிறகு கீமோ எடுக்காதவர்களுக்கு" என்று வரும் அடுத்த கட்ட ட்ரையல்களில் பெரும்பாலும் இடம் கிடைக்காது.

## ட்ரையல்

முதலில் அந்த ட்ரையல் எந்தக் கட்டம் என்று கேளுங்கள். நோயின் கட்டம் வேறு, ட்ரையலின் கட்டம் வேறு. முதல் கட்டம் என்றால் எவ்வளவு டோஸ் உடம்பு தாங்கும் என்று பார்க்கிறார்கள். நிரூபித்த மருந்து கையில் இருக்கும்போது, சிகிச்சையே ஆரம்பிக்காதவர் அங்கே போகும் அவசியம் அநேகமாக இல்லை. மூன்றாம் கட்டம் என்றால் இன்றைய நல்ல மருந்தோடு புது மருந்தை நேருக்கு நேர் ஒப்பிடுகிறார்கள். எந்தப் பக்கம் என்பதை கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். டாக்டரும் மாற்ற முடியாது, சிபாரிசும் செல்லாது.

"வெறும் மாவு மாத்திரை கொடுத்துவிடுவார்களா?" என்பது எல்லோருடைய பயமும். நோய் நான்காம் கட்டத்தில் இருப்பவர்களுக்கான இஜிஎஃப்ஆர் ட்ரையலில் ஒருவருக்கு வெறும் போலி மாத்திரையை மட்டும் கொடுத்து விட்டுவிட முடியாது. ஃப்ளோராவில் ஒப்பீட்டுப் பக்கம் விழுந்தவர்களுக்கு அன்றைய வழக்கமான மாத்திரை கிடைத்தது, அது நின்று டி790எம் வந்தவர்கள் பிறகு ஒஸிமெர்டினிப்புக்கு மாறவும் வழி வைத்திருந்தார்கள். போலி மாத்திரை வரும் இடம் வேறு. அறுவை சிகிச்சை முடிந்து, அதன்பின் கொடுக்க நிரூபித்த மாத்திரை இல்லாத நிலையில் நடந்த அடோரா ஆய்வில் ஒரு பக்கத்துக்குப் போலி மாத்திரைதான். ஆகவே "எனக்கு ஒப்பீட்டுப் பக்கம் விழுந்தால் என்ன மருந்து?" என்று கேளுங்கள். அந்தப் பதில் உங்கள் டாக்டர் வெளியில் கொடுக்கவிருந்த மருந்துக்குக் குறைவானதாக இருந்தால் யோசியுங்கள். வெளியில் ஒஸிமெர்டினிப் வாங்க வசதி இருப்பவருக்கு, ஜெஃபிடினிப்பை ஒப்பீடாக வைத்த ட்ரையல் நஷ்டமாகலாம். வசதி இல்லாதவருக்கு அதே ட்ரையல் லாபமாகலாம்.

காசுக்காகச் சேர்வது தப்பா என்று ஒருவர் கூச்சத்தோடு கேட்டார். தப்பே இல்லை. ஆய்வு மருந்தும் ஆய்வுக்கான பரிசோதனைகளும் இலவசம், பயணப்படி உண்டு. 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி ட்ரையலால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் பெற உரிமை உண்டு. குறைந்தது ஏழு பேர் கொண்ட நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும், அதில் பாதிப்பேர் அந்த மருத்துவமனையைச் சேராதவர்கள். இந்தியாவில் நடக்கும் ட்ரையல், மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் நடத்தும் சிடிஆர்ஐ என்ற ட்ரையல் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். 2009 ஜூனிலிருந்து இது கட்டாயம். பதிவு எண் கேளுங்கள். அந்தத் தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம், தகுதிப் பட்டியலும் அங்கேயே இருக்கும். எண் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மறைவான செலவுகள் இங்கேயும் உண்டு. ஆரம்பத்தில் வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை வரவழைப்பார்கள். ஸ்கேன் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை. காலி மாத்திரை அட்டையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், நான் மேசையில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணுவேன். தவறவிட்ட மாத்திரைக்கு டைரியில் காரணம் எழுத வேண்டும். பயாப்ஸியில் எடுத்த உங்கள் சதையை மெழுகில் பதித்த பிளாக்கிலிருந்து வெட்டிய ஸ்லைடுகள் மத்திய ஆய்வகத்துக்குப் போகும். சதை கொஞ்சமாக இருந்தால் தீர்ந்துவிடும், பிறகு வேறு பரிசோதனைக்கு மறுபடி ஊசி போட வேண்டி வரும்.

## தகுதிப் பட்டியலில் எங்கே இடறுகிறார்கள்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மஞ்சப்பையில் எக்ஸ்ரே, ஸ்கேன் பிலிம், மாத்திரை அட்டைகள். புகை பிடித்தவரில்லை, விறகடுப்பில் சமைத்த கை. இருமலும் நெஞ்சில் நீரும் வந்தபோது காசநோயாக இருக்கும் என்று நினைத்து மருந்து கொடுத்திருக்கிறார்கள். நான்கு மாதம் கழித்துப் பயாப்ஸியில் புற்றுநோய், மரபணுப் பரிசோதனையில் எக்ஸான் 19. எல்லா வரிக்கும் 'ஆம்' போட்டுக்கொண்டே வந்தேன். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் பைக்குள் கையை விட்டு ஓர் அட்டையை எடுத்தார். "இதையும் விடாமப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் தாயி. ஒண்ணுக்குக்கூட செகப்பாத்தான் போவுது."

ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து கலந்த அட்டை. அந்த மருந்து கல்லீரலைத் தூண்டிவிட்டு ஒஸிமெர்டினிப் போன்ற மாத்திரைகளை வேகமாகக் கரைத்துவிடும். ரத்தத்தில் சேரும் அளவு சுமார் 78 சதவீதம் குறையும். விலக்குப் பட்டியலில் அதன் பெயரே இருந்தது. வெளியில் மாத்திரை வாங்கிப் போட்டிருந்தாலும் அவருக்குப் பாதிப் பலன்கூடக் கிடைத்திருக்காது, காரணமும் தெரிந்திருக்காது. நெஞ்சக மருத்துவர் மறுபடி எல்லாம் பார்த்து, காசநோய் இல்லை என்று உறுதி செய்து நிறுத்தினார். மூன்று வாரம் காத்திருந்தோம். காசநோய் நிஜமாகவே இருப்பவர் இதைப் படித்துவிட்டுத் தானாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு டாக்டர்களும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

மற்ற இடறல்களில் அதிகம் வருவது நடமாட்ட மதிப்பெண். ஈகாக் என்ற அளவுகோலில் 0 என்றால் முன்போலவே எல்லாம் செய்கிறார். 1 என்றால் கடின வேலை முடியாது, நடமாடுகிறார், லேசான வேலை செய்கிறார். 2 என்றால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறார், வேலைக்குப் போக முடியாது. பெரும்பாலான ட்ரையல்கள் 0, 1 மட்டும்தான் எடுக்கும். பிள்ளைகள் பாசத்தில் "அப்பா எந்நேரமும் படுத்தே கிடக்கிறார்" என்று ஓபியில் சொல்லிவிடுவார்கள், அது ஃபைலில் ஏறிவிடும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். காலையில் எழுந்து என்னென்ன செய்கிறார் என்று அப்படியே சொல்லுங்கள்.

அளக்க முடிகிற கட்டி ஒன்று வேண்டும், ஸ்கேனில் குறைந்தது 10 மி.மீ. நெஞ்சில் நீர் மட்டும் இருந்தால் அது அளவுக் கணக்கில் வராது. இருக்கும் ஒரே கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்துவிட்டாலும் பொதுவாக அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். வலிக்காகவோ மூச்சுக்காகவோ கதிர்வீச்சு அவசியம் என்றால் கொடுத்தே ஆக வேண்டும். "இரண்டு நாள் பொறுக்கலாமா?" என்று கேட்பதில் மட்டும் தயக்கம் வேண்டாம்.

மூளையில் பரவியிருந்தால், அறிகுறி இல்லாமல், ஸ்டீராய்டு டோஸ் ஏறாமல் சில வாரம் நிலையாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9, பிளேட்லெட் ஒரு லட்சம், நியூட்ரோபில் என்ற வெள்ளணு 1,500 என்பது வழக்கமான கீழ் எல்லை. இசிஜியில் இதயத் துடிப்பின் ஒரு பகுதியை அளக்கும் க்யூடி இடைவெளி 470 மில்லிசெகண்டைத் தாண்டினால் இடமில்லை. பொட்டாசியம் குறைந்ததால் மட்டுமே அது நீண்டிருக்கலாம், சரி செய்து மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முன்பு நுரையீரல் அழற்சி வந்திருந்தால் பெரும்பாலும் முடியாது. மஞ்சள் காமாலை பி வகை இருப்பவர்களைச் சில ட்ரையல்கள் மருந்தோடு அனுமதிக்கின்றன, சில இல்லை.

நாட்டு மருந்தைப் பற்றிச் சொல்லாமல் மறைக்காதீர்கள். நிலவேம்பு குடித்தேன், லேகியம் சாப்பிட்டேன் என்றால் திட்டுவார்களோ என்று பலர் சொல்வதில்லை. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத மருந்தோடு கல்லீரல் அளவு ஏறினால், புது மருந்தின் தலையில் பழி விழும், உங்களையும் வெளியே எடுத்துவிடுவார்கள். முன்பே சொன்னால் சில வாரம் நிறுத்திவிட்டுச் சேர முடியலாம்.

இந்தப் பட்டியல்கள் தேவைக்கு மேல் இறுக்கமானவை என்பது என் கருத்து. நான் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கமான ஆஸ்கோ 2017லேயே மூளைப் பரவல், எச்ஐவி, சிறுநீரகக் குறைபாடு ஆகியவற்றைக் காரணம் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டு விலக்காதீர்கள் என்று பரிந்துரைத்தது. மாற்றம் மெதுவாகத்தான் வருகிறது. ஆகவே ஒரு ட்ரையலில் "இல்லை" என்றால் எந்த வரியில் இல்லை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேறொன்றில் அந்த வரி இல்லாமல் இருக்கலாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | மாத்திரை மட்டும் | மாத்திரை, கீமோ | ட்ரையல் (மூன்றாம் கட்டம்) |
|---|---|---|---|
| எப்போது ஆரம்பிக்கலாம் | ரிப்போர்ட் வந்த அன்றே | சில நாளில் | இரண்டு முதல் நான்கு வாரம் |
| ஆதாரம் | உறுதியானது | உறுதியானது, பக்கவிளைவு கூடுதல் | ஒப்பீட்டு மருந்துக்கு உண்டு, புதியதற்கு இனிமேல்தான் |
| மருந்துச் செலவு | ஜெஃபிடினிப் குறைவு, ஒஸிமெர்டினிப் அதிகம் | அதோடு ஊசி, படுக்கை | ஆய்வு மருந்து இலவசம் |
| பில்லில் வராதது | தோல், நகம், வயிறு | மூன்று வாரத்துக்கு ஒரு நாள், துணைக்கு ஆள் | பயணம், அடிக்கடி ஸ்கேன், பயாப்ஸி சதை |
| எந்த வழி அடைபடும் | சிகிச்சை எதுவும் எடுக்காதவர்களுக்கான ட்ரையல்கள் | அதோடு, கீமோ எடுக்காதவர்களுக்கான ட்ரையல்கள் | வேறு சில ட்ரையல்கள் |

என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன். மூச்சுத் திணறலோடு வந்தவர், நடமாட்டம் 2க்கு மேல் போனவர், மாத்திரையை உடனே ஆரம்பிக்கட்டும். இஜிஎஃப்ஆர் மாத்திரையில் சில நாளிலேயே எழுந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், ட்ரையலுக்காக அவரைக் காக்க வைப்பது நியாயமில்லை. நன்றாக நடமாடுகிறார், ஒஸிமெர்டினிப் வாங்க வழி இருக்கிறது, வீட்டுப் பக்கத்தில் ட்ரையல் இல்லை என்றால் முதல் இரண்டு வழிகளுக்குள் முடிவு செய்யுங்கள். நன்றாக நடமாடுகிறார், வாங்க வழியில்லை, ஒப்பீட்டுப் பக்கத்திலும் ஒஸிமெர்டினிப் கிடைக்கிற ட்ரையல் போய்வரும் தூரத்தில் இருக்கிறது என்றால், மாத்திரையைத் தொடும் முன் ஒரு வாரம் ஒதுக்கி அதை விசாரித்தே ஆக வேண்டும்.

மாத்திரை நின்ற பிறகு இந்த எடை மாறிவிடுகிறது. ஒஸிமெர்டினிப்பில் இருக்கும்போது நோய் வளர்ந்தால் அடுத்து நிரூபித்த வழிகள் குறைவு, ட்ரையலின் மதிப்பு கூடும். அப்போது மறுபடி பயாப்ஸி கேட்பார்கள். பலர் பயந்து மறுக்கிறார்கள். எம்இடி என்ற மரபணு பெருகியிருந்தால் அதைக் குறிவைக்கும் மருந்துகளின் ட்ரையல் உண்டு. சிலருக்கு நோயே சிறுசெல் என்ற வேறொரு நுரையீரல் புற்றுநோய் வகையாக மாறியிருக்கும், அதற்குக் கீமோவே வேறு. ரத்தப் பரிசோதனை இந்த இரண்டாவதைக் காட்டாது. இன்னொரு யோசனை: வளர்ச்சி தெரிந்ததும் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு அலையாதீர்கள். எப்போது நிறுத்த வேண்டும், எத்தனை நாள் இடைவெளி என்பது ட்ரையலுக்கு ட்ரையல் மாறும். டாக்டர் சொல்லும் வரை தொடருங்கள்.

## கையெழுத்துப் போடும் முன்

அந்த மன்னார்குடி அம்மாவுக்கு மூன்று வாரம் கழிந்து எல்லா வரிக்கும் 'ஆம்' வந்தது. ஒப்புதல் படிவம் தமிழில் இருபது பக்கத்துக்கு மேல். "ஏன் தாயி, எலிக்குக் குடுத்துப் பாக்குறாப்புலயா?" என்று கேட்டார். இல்லையம்மா, எலி, குரங்கு, அப்புறம் உங்களுக்கு முன்னால் நூற்றுக்கணக்கான பேர் சாப்பிட்டுத்தான் இந்தக் கட்டத்துக்கு வந்திருக்கிறது, ஆனால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன் என்றேன். இன்றைக்கே போட வேண்டாம், வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று படிவத்தைக் கொடுத்து அனுப்பினேன்.

நான்காம் நாள் மகனோடு வந்தார். மகன் திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் படித்துக் காட்டியிருக்கிறார். கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம் மூன்று கேள்விகள்.

நடுவில் வேண்டாமென்று சொன்னால் இங்கே வைத்தியம் நின்றுவிடுமா? நிற்காது. காரணம் சொல்லாமலேயே விலகலாம், வழக்கமான சிகிச்சை இதே ஓபியில் தொடரும்.

மருந்து நன்றாகக் கேட்டு, ட்ரையல் முடிந்துவிட்டால் அப்புறம் யார் தருவார்கள்? இதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். விதியில் வழி இருக்கிறது: மருந்து பலன் தருகிறது, வேறு மாற்று இல்லை என்று ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால் நிறுவனம் இலவசமாகத் தொடர்ந்து தரலாம். நிபந்தனைகள் இருப்பதால், இந்த ட்ரையலில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அந்தப் பக்கத்தைத் திறந்து விரலை வைத்து இருவரும் சேர்ந்தே படித்தோம்.

மூன்றாவதை அந்த அம்மாவே கேட்டார். நடவு நேரத்தில் ஸ்கேன் தேதி வந்தால் ரெண்டு நாள் தள்ளிக்கொள்ளலாமா? ஆய்வு ஏற்பாட்டில் ஒவ்வொரு தேதிக்கும் முன்னே பின்னே சில நாள் சலுகை உண்டு. நடவு எப்போது என்று கேட்டு, அவர் பெயருக்கு எதிரே பென்சிலால் குறித்துக்கொண்டேன்.